மூன்று மாதத் திட்டமும் ஐந்து வயதுச் செவலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

குதிரை வந்து ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலை, அதன் உரிமையாளர் கீழே விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் நீளமாக ஒரு விரிசல். அந்த ஹெல்மெட் தலையில் இல்லாதிருந்தால் இந்த ஆய்வை வேறு மாதிரி எழுத வேண்டி வந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து, குதிரைப் பயிற்சியாளரான என்னை அழைத்தார்கள். அடுத்த பதினொரு மாதம் அந்த உரிமையாளரோடும் குதிரையோடும் வேலை செய்தேன். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கி எழுதுகிறேன். முதல்முறையாகக் குதிரை வாங்கப் போகிறவர்களும் வாங்கி ஆறு மாதத்துக்குள் இருப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் ஆசை. இதில் நடந்தது எதுவும் அபூர்வமில்லை. வாரம் தவறாமல் எங்கோ நடந்துகொண்டிருப்பதுதான்.

பின்னணி

உரிமையாளர் முப்பதுகளின் நடுவில் இருக்கும் பெண், வேலைக்குப் போகிறவர். ஒரு சவாரிப் பள்ளியில் எட்டு மாதம், வாரம் இரண்டு வகுப்பு கற்றிருந்தார். கூட்டிப் பார்த்தால் சேணத்தில் உட்கார்ந்திருந்த நேரம் எழுபது மணிக்கும் குறைவு. அதுவும் பெரும்பாலும் ஒரே குதிரையின் மேல். பதினேழு வயதுப் பள்ளிக் குதிரை அது. புதியவர் கடிவாள வாரை இழுத்துப் பிடித்துக்கொண்டே காலால் அழுத்தினாலும், என்ன கேட்கிறார் என்று ஊகித்து நடந்துவிடும். இப்படிப்பட்ட குதிரைகள் பொன்னான குதிரைகள். ஆனால் அவற்றின் மேல் நன்றாக ஓட்டும்போது அதில் எவ்வளவு நம் திறமை, எவ்வளவு குதிரையின் பொறுமை என்று நமக்குத் தெரிவதில்லை.

வாங்கிய குதிரை காயடித்த ஆண் குதிரை. செவலை நிறம், ஐந்து வயது, தோள்மேட்டில் (கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில்) 148 செ.மீ. உயரம், எடை சுமார் 400 கிலோ. சேணம் பழகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. இங்கே அதைச் செவலை என்றே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு முறை போய்ப் பார்த்திருக்கிறார். இரண்டு முறையும் அவர் போவதற்குள் குதிரைக்குச் சேணம் பூட்டித் தயாராக நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் வியர்வை காய்ந்த தடம் இருந்ததை அவரே கவனித்திருக்கிறார், அதற்கு என்ன பொருள் என்றுதான் தெரியவில்லை. வாங்குபவர் வருவதற்கு முன்பே ஓட வைத்துக் களைப்படையச் செய்த குதிரை பத்து நிமிடச் சோதனையில் சாதுவாகத்தான் இருக்கும். லாயத்தில் நிற்கும் குதிரையை நம் கண் முன்னால் பிடித்து, துடைத்து, சேணம் பூட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். முதலில் விற்பவர் தரப்பு ஆள் ஏறிக் காட்ட வேண்டும். முன்னறிவிப்பு இல்லாமல் இன்னொரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும். நாமே ஏற்பாடு செய்த கால்நடை மருத்துவர் குதிரையை முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ரத்த மாதிரியும் எடுத்து வைக்கலாம். இவற்றில் எதுவும் இந்த வாங்கலில் நடக்கவில்லை.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் திட்டம்: முதல் மாதம் பழக்கம், இரண்டாம் மாதம் பாய்ச்சல் (வேக ஓட்டம்), மூன்றாம் மாதம் வெளியே தனியாகச் சவாரி. ஒவ்வொன்றுக்கும் நேராகத் தேதி. அதற்கு அடுத்த பக்கங்களில் ஒவ்வொரு நாளும் நடந்ததை நேர்மையாக எழுதியிருந்தார். எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த தடயம் அந்த நோட்டுதான்.

ஒன்பது வாரங்கள்

முதல் வாரக் குறிப்பு: "ரொம்ப சமத்து. ஆடாமல் நிற்கிறான்." புது இடத்துக்கு வந்த குதிரைகளில் பல இப்படித்தான் இருக்கும். கூட இருந்த குதிரைகள் இல்லை, வாசனை புதிது, ஆட்கள் புதிது. எது பாதுகாப்பு என்று தெரியாமல் ஒடுங்கி நிற்பது வெளியிலிருந்து பார்க்கும்போது சமத்தாகத் தெரிகிறது. அதன் உண்மையான குணம் வெளிவர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

இரண்டாம் வாரம் சட்டைப் பையை மூக்கால் முட்டித் தின்பண்டம் கேட்டது. கொடுத்திருக்கிறார். மூன்றாம் வாரம் அங்கவடியில் (சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையத்தில்) கால் வைத்ததும் நகர ஆரம்பித்தது. "பயப்படுகிறான் போல. இறங்கி ஒரு சுற்று நடத்திவிட்டு வந்தேன்" என்று குறிப்பு. நான்காம் வாரம் கையை லேசாகக் கடித்தது. ஓர் அடி கொடுத்திருக்கிறார், அப்புறம் மனசு கேட்காமல் தின்பண்டமும் கொடுத்திருக்கிறார். ஆறாம் வாரம் இளைத்த மாதிரி தெரிந்ததால் தானியத்தைக் கூட்டினார். ஏழாம் வாரம் அலுவலக வேலை அதிகம், சனி ஞாயிறு மட்டும்தான் வர முடிந்தது. எட்டாம் வாரம் சவாரிக் களத்தின் வாயில் அருகே எதையோ கண்டு மிரண்டு திரும்பியது. பயந்துபோய் இறங்கி, லாயத்துக்குக் கூட்டிப் போய், சேணத்தை அவிழ்த்து, தீனி வைத்திருக்கிறார்.

இதைப் படிக்கும்போது என் மனம் கனத்துவிட்டது. ஒவ்வொரு முடிவும் அன்பால் எடுத்தது. ஒவ்வொரு முடிவிலிருந்தும் குதிரை ஒரு பாடம் படித்திருக்கிறது. ஏறும்போது நகர்ந்தால் ஆள் இறங்கிவிடுவார். முட்டினால் தின்பண்டம் வரும். வாயிலருகே திரும்பினால் சேணம் அவிழும், தீனி கிடைக்கும். பயிற்சி என்பது சேணத்தில் ஏறிய பிறகு நடப்பது என்று உரிமையாளர் நினைத்திருந்தார். செவலையோ அவர் லாயக் கதவைத் திறந்த நொடியிலிருந்து படித்துக்கொண்டிருந்தது.

சரி, விழுந்த நாள். காற்று பலமாக அடித்தது. பக்கத்து அறைக் குதிரையைக் காலையில் எங்கோ கொண்டு போயிருந்தார்கள். செவலை அதைத் தேடிக் கனைத்துக்கொண்டிருந்தது. ஐந்து நாளாக வேலை இல்லை, ஆனால் தானியம் முழு அளவு. கூரை ஓரத்தில் ஒரு தார்ப்பாய் படபடத்தது. உரிமையாளர் வயிற்று வாரை ஒரே இழுப்பில் இறுக்கிவிட்டு, தரையில் நின்றபடியே ஏறினார். குதிரை நகர்ந்தது. அவர் கடிவாள வாரைப் பிடித்து இழுத்தார். சமநிலைக்காகக் கால்கள் இரண்டும் வயிற்றை இறுக்கின. கை "நில்" என்றது, கால் "போ" என்றது. முன்பக்கம் எழும்பியது, பக்கவாட்டில் ஒரு திருப்பம், அவ்வளவுதான்.

"திடீர்னு, எந்தக் காரணமும் இல்லாம" என்றார் என்னிடம். காரணங்கள் குறைந்தது ஆறு இருந்தன. பயங்கள் குதிரைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். காற்று மட்டும் என்றால் தாங்கியிருக்கும், தனிமை மட்டும் என்றாலும் தாங்கியிருக்கும். கடைசியாகச் சேர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டு அதுதான் காரணம் என்கிறோம்.

இன்னொன்று. அன்று அவர் போட்டிருந்தது சாதாரண விளையாட்டுக் காலணி, குதிகால் இல்லாதது. விழும்போது கால் அங்கவடிக்குள் முழுதாக நுழையாமல் வெளியே வந்துவிட்டது. நுழைந்திருந்தால் குதிரை அவரை இழுத்துக்கொண்டே ஓடியிருக்கும். ஒரு சென்டிமீட்டர் குதிகால் உள்ள பூட்ஸ், காலணியைவிட இரண்டு சென்டிமீட்டராவது அகலமான அங்கவடி, இந்த இரண்டும் உயிர் காக்கும் விஷயங்கள்.

முதல் பார்வை

முதல் நாள் நான் குதிரையைத் தொடவே இல்லை. கையில் கட்டோடு வந்திருந்தவரிடம், "பத்திரமாகச் செய்ய முடிந்ததை மட்டும் வழக்கம் போலச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன்" என்றேன். லாயத்திலிருந்து வெளியே கூட்டி வந்து, நிறுத்தி, இடது கையால் துடைத்துவிட்டு, திரும்பக் கூட்டிப் போவது. உதவிக்குப் பராமரிப்பாளர் அருகில் நின்றார். இருபது நிமிடம்.

கயிற்றை உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். உடனே நிறுத்தச் சொன்ன ஒரே விஷயம் அது. 400 கிலோ எடை ஒரு முறை உதறி இழுத்தால் சுற்றிய கயிறு விரலைக் கொண்டு போய்விடும். மீதிக் கயிற்றை எட்டு வடிவில் மடித்துக் கைக்குள் பிடிக்க வேண்டும். இழுத்தால் உருவிக்கொண்டு போகட்டும்.

அப்புறம் எண்ண ஆரம்பித்தேன். செவலை தோளால் சாய்ந்தது, அவர் ஓரடி பின்னால் போனார். தலையைத் திருப்பி அவர் பக்கம் நீட்டியது, அவர் இன்னோரடி. நின்ற இடத்தில் பின்புறத்தை அவர் பக்கம் சுழற்றியது, அவர் இரண்டடி விலகினார். இருபது நிமிடத்தில் குதிரைக்காக அவர் நகர்ந்தது பதினொரு முறை. அவருக்காகக் குதிரை நகர்ந்தது இரண்டே முறை. அவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது நம்பவில்லை. தன் கால் நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை.

குதிரைக்குத் தெரியும். பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது, கணக்குப் போடும் என்று புகழ் பெற்றது. 1907-இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் அதைச் சோதித்தார். குளம்பால் தட்டிக்கொண்டே வந்து சரியான எண்ணில் நிற்கும் அந்தக் குதிரை உண்மையில் எண்ணவில்லை, கேள்வி கேட்பவர் தன்னையறியாமல் செய்த மிக நுண்ணிய தலை அசைவைக் கண்டு நிறுத்தியது என்று கண்டுபிடித்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது ஹான்ஸாலும் சொல்ல முடியவில்லை. நாம் செய்வதே நமக்குத் தெரியாத அசைவுகளைக் குதிரை படிக்கிறது என்பதற்கு நூற்றாண்டு கடந்த சாட்சி அது.

குதிரைப் பயிற்சியின் பெரும்பகுதி ஒரே விதியில் நிற்கிறது. கயிற்றாலோ காலாலோ வாராலோ ஓர் அழுத்தம் தருகிறோம். அந்த அழுத்தம் எந்த நொடியில் நிற்கிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததையே குதிரை விடையாக எடுத்துக்கொள்கிறது. அழுத்துவது கேள்விதான், விடுவதுதான் பாடம். உரிமையாளர் பின்னால் போன பதினொரு முறையும், சாய்ந்தால் ஆள் விலகுவார் என்ற பாடத்தைச் செவலை பதினொரு முறை படித்தது.

அன்று அவர் கண் கலங்கிக் கேட்டார்: "அக்கா, இது என்னை வெறுக்குதா?" இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். குதிரை வஞ்சம் வைத்துத் திட்டம் போடும் விலங்கு கிடையாது. எது ஆறுதல் தருகிறதோ அதைத் திரும்பச் செய்கிறது, எது பயமுறுத்துகிறதோ அதைவிட்டு ஓடுகிறது. அன்றைக்கே இன்னொன்றையும் சொன்னேன். இந்தக் குதிரையை அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுவதும் நியாயமான முடிவுதான், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இரண்டாவது முறை யாருக்காவது காயம் ஏற்பட்டால் அந்த முடிவைத் தள்ளிப்போடக் கூடாது என்று இருவரும் பேசி நோட்டில் எழுதிக்கொண்டோம்.

உடம்பு முதலில்

நடத்தை கெட்டுவிட்டது என்று சொல்வதற்கு முன் வலி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வலியில் இருக்கும் குதிரைக்குப் பயிற்சி கொடுப்பது கொடுமை, ஆபத்தும் கூட.

எட்டாம் வாரம் யாரோ கைபேசியில் எடுத்த காணொளி கிடைத்தது. கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவர் குழுவும் 2018-இல் வெளியிட்ட வரையறை ஒன்று உண்டு. சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளின் பட்டியல். காதைப் பின்னால் மடித்தே வைத்திருப்பது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, வாலை விசிறுவது, தலையைத் தூக்கித் தூக்கி அடிப்பது போன்றவை. எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் தசை அல்லது எலும்பு சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவரும் நானும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒன்பது எண்ணினோம்.

சேணம் குறுகலானது. முந்தைய குதிரைக்குத் தைத்ததாம். தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரலால் மெல்ல அழுத்தியதும் தோல் சுருங்கி முதுகு தாழ்ந்தது. மேல் கடைவாய்ப் பற்களின் வெளி விளிம்பு கூர்மையாகிக் கன்னத்தின் உள்பக்கத்தில் புண் உண்டாக்கியிருந்தது. பல்லை வருடத்துக்கு ஒரு முறையாவது பார்த்து அரம் போட வேண்டும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. குளம்பு வெட்டிப் பதினொரு வாரம் ஆகியிருந்தது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் வெட்டியிருக்க வேண்டும்.

அதிகம் பேச வேண்டியது தீனியைப் பற்றி. நாளைக்கு நாலு கிலோ தானியம், இரண்டு வேளை. வைக்கோலும் புல்லும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் அளவு. நாளில் இருபத்திரண்டு மணி நேரம் லாயத்துக்குள். குதிரையின் இரைப்பை உடம்போடு ஒப்பிட்டால் ரொம்பச் சிறியது, எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். அதில் அமிலம் விடாமல் சுரக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். அந்த அமிலத்தைத் தணிப்பது மெல்லும்போது ஊறும் எச்சில். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்வதற்கென்றே அமைந்த உடம்பை மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு நிறுத்தினால் வயிற்றுப்புண் வரும், எரிச்சல் வரும், வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நார்த்தீனி தினமும் வேண்டும். செவலைக்கு உலர்ந்த கணக்கில் ஆறிலிருந்து எட்டு கிலோ. வயிற்றுப்புண் இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகித்து மருந்து கொடுத்தார். தானியத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம், நார்த்தீனியைச் சிறு கண் வலையில் வைத்து நாள் முழுக்கக் கிடைக்கச் செய்தோம். இன்னொரு குதிரையோடு சேர்த்துப் பகலில் திறந்த அடைப்பில் விட்டோம்.

மூன்றாம் வாரத்தில் பராமரிப்பாளர் சொன்னார்: "வேற குதிரை மாதிரி இருக்குதும்மா." அதுவரை நாங்கள் ஒரு பயிற்சிகூட ஆரம்பித்திருக்கவில்லை.

தரையில்

பன்னிரண்டு வாரம் யாரும் ஏறவில்லை. உரிமையாளரின் கை குணமாகும்வரை முதலில் நான் செய்தேன், அவர் வேலிக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

பாடங்கள் எளியவை. கேட்டால் முன்னால் வா, கேட்டால் நில், கேட்டால் பின்னால் போ, பின்புறத்தை என்னிடமிருந்து விலக்கு, நான் ஒதுங்கினாலும் நின்ற இடத்திலேயே நில். ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து நிமிடம். ஒன்றை நான்கைந்து முறை சரியாகச் செய்தால் அன்றைக்குப் போதும். கயிற்றில் லேசான அழுத்தம், குதிரை எடையைப் பின்னால் சாய்த்த உடனே தளர்வு. ஓரடி எடுத்து வைக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அந்தச் சாய்வுதான் முதல் விடை.

நிற்கும் இடத்தையும் அப்போதே உரிமையாளருக்குப் பழக்கினேன். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை சுற்றிலும் தெரியும். தெரியாத இடங்கள் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும் வாலுக்கு நேர் பின்னாலும்தான். புதியவர்கள் ஆசையாகத் தடவ நீட்டுவதும் அந்த நெற்றியைத்தான், குறுக்கு வழியாகக் கடந்து போவதும் வாலுக்குப் பின்னால்தான். தோளருகே நின்று, பேசிக்கொண்டே, முதல் தொடுதலைத் தோளிலோ கழுத்திலோ வைக்க வேண்டும். பின்னால் போக வேண்டுமென்றால் கையை உடம்பில் வைத்தபடி ஒட்டிப் போக வேண்டும், இல்லையென்றால் உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் மோசம்.

கட்டுவதற்கு உறுதியான வளையம், தோள்மேட்டு உயரத்துக்குக் குறையாமல், ஒரு கை நீளக் கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. கடிவாள வாரால் ஒருபோதும் கட்டக் கூடாது. மிரண்டு பின்னால் இழுத்தால் வாயும் நாக்கும் கிழியும்.

ஏறுவதை மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைத்தோம். குதிரை மேல் ஏற வசதியாக வைத்திருக்கும் மேடையருகே நின்றால் போதும், அன்றைக்கு முடிந்தது. அடுத்து நான் மேடையில் ஏறி நிற்பேன், இறங்குவேன். அடுத்து சேணத்தைக் கையால் தட்டுவேன். அடுத்து முதுகின் குறுக்கே சாய்வேன். நகர்ந்தால் திட்டு கிடையாது, அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டு வந்து நிறுத்துவேன். நின்றால் மேடையிலிருந்து இறங்கி விலகுவேன். அதாவது முன்பு நகர்ந்ததற்குக் கிடைத்த பரிசு இப்போது நின்றதற்குக் கிடைத்தது.

நான் செய்த தவறு

ஏழாம் வாரம் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. காற்றில் படபடக்கும் பொருளுக்குப் பழக்கலாம் என்று பெரிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை எடுத்துப் போனேன். தள்ளி நின்று காட்டினேன், அசையாமல் நின்றது. அருகே போனேன், நின்றது. தோளில் தடவினேன், நின்றது. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று முதுகின் மேல் விரித்தேன்.

பார்க்க வேண்டியதை நான் பார்க்கவில்லை. கண்ணுக்கு மேல் முக்கோணமாக ஒரு சுருக்கம் விழுந்திருந்தது. மூக்குத்துளை விரிந்து கெட்டியாக இருந்தது. மூச்சு நின்று நின்று வந்தது. கழுத்துத் தசை மரக்கட்டை. அது அமைதியாக நிற்கவில்லை, உறைந்து நின்றது. அடுத்த நொடி பின்னால் பாய்ந்தது, கயிறு என் கையை உரசிக்கொண்டு போனது, விரிப்பு காலில் சிக்கியது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பத்து நாள் மேடை அருகே வரவே மறுத்தது.

திருத்தியது இப்படி. விரிப்பைக் கைக்குட்டை அளவுக்கு மடித்து, இருபது அடிக்கு அப்பால், செவலையை விட்டு விலகிப் போகும் திசையில் ஒருவர் எடுத்துச் செல்வார். செவலை பின்னால் நடக்கும். தன்னிடமிருந்து ஓடும் பொருளைக் குதிரை துரத்த ஆரம்பித்தால் பயம் ஆர்வமாக மாறும். தலை தாழ்ந்து, உதடு தளர்ந்து, வாயை மெல்ல அசைத்து, நீளமாக ஒரு மூச்சு விடும்வரை தூரத்தைக் குறைக்கவே இல்லை. மூன்று வாரம் பிடித்தது. முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும்.

உரிமையாளரின் பயிற்சி

ரொம்பக் கஷ்டப்பட்டு ஒத்துக்கொள்ள வைத்தது இதைத்தான். கை குணமானதும் அவர் பழைய சவாரிப் பள்ளிக்கே போய், அதே பதினேழு வயதுக் குதிரையின் மேல், நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட, வாரைத் தொடாமல் உட்காரப் பழக வேண்டும் என்றேன். "என் குதிரை இங்கே நிற்கும்போது நான் எதுக்கு அக்கா இன்னொரு குதிரை மேல?" என்றார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சமநிலைக்கு வாரைப் பிடிப்பவர் குதிரையின் வாயைப் பிடித்துத் தொங்குகிறார். கை உடம்பிலிருந்து தனியாக வேலை செய்யக் கற்காதவரால் சரியான நொடியில் தளர்த்த முடியாது. தளர்த்தத் தெரியாதவர் இளங்குதிரைக்கு எதையும் கற்பிக்க முடியாது. கற்காத குதிரையும் கற்றுக்கொண்டிருக்கும் சவாரியாளரும் சேர்ந்தால் இருவரில் யார் வழி காட்டுவது? பன்னிரண்டு வகுப்பு போனார். எட்டாவது வகுப்புக்குப் பிறகு அவரே வந்து சொன்னார், இத்தனை நாள் முட்டியால் இறுக்கியே உட்கார்ந்திருந்ததாக.

மறுபடி சேணம்

அளந்து பொருத்திய சேணம், புது ஹெல்மெட் (ஒரு முறை அடி வாங்கியதை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் மறுபடி போடக் கூடாது), மார்புக் கவசம், குதிகால் பூட்ஸ். கைபேசி சேணப் பையில் வேண்டாம், உடம்பில் இருக்கட்டும். குதிரை ஓடிப்போனால் கைபேசியும் போய்விடும். யாரும் இல்லாத நேரத்தில் ஏறக் கூடாது. எடையும் பார்த்தோம். சவாரியாளர், சேணம் சேர்த்து குதிரை எடையில் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். இங்கே 70 கிலோ, அதாவது பதினேழரை.

பதின்மூன்றாம் வாரம் முதல் மூன்று வாரம் அனுபவமுள்ள ஒருவர் ஓட்டினார். பிறகு உரிமையாளர், முதலில் நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம்.

இறங்குவது பற்றி அவருக்கு ஒரு குழப்பம் வந்தது. "முன்னாடி இறங்கினதுதான் தப்புன்னு சொன்னீங்க, இப்போ பயமா இருந்தா இறங்குன்னு சொல்றீங்களே?" நல்ல கேள்வி. இறங்குவதில் தவறில்லை. இறங்கியதும் வேலையே முடிந்துபோவதுதான் குதிரைக்குப் பாடமாகிவிடுகிறது. ஆகவே கொதி நிலைக்குப் போகும் முன்பே இறங்க வேண்டும். காது, கழுத்து, மூச்சு மாறும்போதே. இறங்கிய இடத்திலேயே கயிற்றில் நில், வா, பின்னால் போ என்று இரண்டு நிமிடம் வேலை. தலை தாழ்ந்த பிறகு லாயம். அடுத்த மாதங்களில் அவர் ஆறு முறை அப்படி இறங்கினார். ஒரு முறையும் விழவில்லை.

பதினொரு மாத முடிவில்

செவலை மேடையருகே, வார் தொங்கலாக இருக்க, உரிமையாளர் ஏறி உட்கார்ந்து அங்கவடியைச் சரிசெய்யும்வரை நிற்கிறது. களத்துக்குள் நடையும் துரிதநடையும் நன்றாக இருக்கின்றன. பாய்ச்சல் களத்தின் நீளவாட்டில் மட்டும், ஆசிரியர் உள்ளே நிற்கும்போது மட்டும். வெளியே போவது வயதான இன்னொரு குதிரையின் துணையோடுதான். கடிப்பது நின்றது. காற்று பலமான நாளில் இன்னமும் பதற்றமாகத்தான் இருக்கிறது. அது முழுக்கப் போகும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

முதல் பக்கத் திட்டத்தோடு ஒப்பிட்டால் மூன்று மாதத்தில் நடக்க வேண்டியது பதினொரு மாதத்தில் பாதி நடந்திருக்கிறது. உரிமையாளருக்கு அதில் வருத்தம் இருந்தது. முதுகெலும்பின் வளர்ச்சி முனைகள் மூடுவதற்கே குதிரைக்கு ஐந்தரை, ஆறு வயது ஆகும் என்பதையும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து, முப்பது வயது வரை இருக்கும் என்பதையும் சொன்னேன். ஆறு வயதில் செவலை எலும்பு முற்றும் கட்டத்தில்தான் இருக்கிறது.

போன வாரம் நோட்டைக் காட்டினார். புதுப் பக்கத்தில் அடுத்த வேலைகள்: பல் பரிசோதனை, சேணப் பொருத்தம் மறுபடி பார்ப்பது (தோள் அகன்றிருக்கிறது), களத்து வாயிலுக்கு அப்பால் துணைக் குதிரை இல்லாமல், ஏறாமல், கயிற்றில் பிடித்து இருபது அடி நடந்துவிட்டுத் திரும்புவது. முதல் இரண்டுக்கும் நேராகத் தேதி இருந்தது. மூன்றாவதற்கு நேராக, "தலை தாழும்போது" என்று எழுதியிருந்தார்.